தவணைப் பரீட்சையில் 58, கணிப்பீட்டில் முழுப் புள்ளி: எதைப் பார்ப்பது?

வெள்ளவத்தை அம்மா:
மகள் தரம் 8. விஞ்ஞானத்துக்குத் தவணைப் பரீட்சையில் 58, ஆனால் பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் ஏறக்குறைய முழுப் புள்ளி. என் கணவர் 58ஐ மட்டும் பார்த்துவிட்டு உடனே ரியூஷன் போடு என்று நிற்கிறார். ஒரே பாடம், ஒரே டீச்சர், ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஓய்வுபெற்ற டீச்சர்:
தங்கச்சி, இரண்டும் வேறு வேறு விசயங்களைப் பார்க்கின்றன. தவணை முழுக்கப் படித்ததை, குறித்த நேரத்துக்குள், ஞாபகத்திலிருந்து எவ்வளவு எழுத முடிகிறது என்பதுதான் தவணைப் பரீட்சை. அது வரும்போது பாடம் முடிந்துவிடும், ஆசிரியர் திரும்பிப் போய்ப் படிப்பிக்க நேரமிருக்காது. கணிப்பீடு நடுவிலேயே நடப்பது: ஒப்படை, செயற்றிட்டம், குழுவேலை, சின்னச் சின்ன வினாத்தாள், ஆய்வுகூடத்தில் செய்து காட்டுவது. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று அப்போதே கண்டுபிடித்துத் திருத்தத்தான் 1997 கல்விச் சீர்திருத்தத்தோடு அதைக் கொண்டுவந்தார்கள். முதலில் விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். பல்தேர்வில் நல்ல புள்ளி, கட்டுரை வினாவில் குறைவு என்றால் எழுதிப் பழக்கம் போதாது. இரண்டிலும் ஒரே அலகில் விழுந்திருந்தால் அந்த அலகு விளங்கவில்லை.

கொட்டாஞ்சேனை அப்பா:
டீச்சர், கடதாசியில் எல்லாம் சரி. எங்கள் வீட்டில் செயற்றிட்டம் செய்வது நானும் மனைவியும்தான், இரவு பதினொரு மணிக்கு ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) வெட்டிக்கொண்டு. அதற்கு வருகிற புள்ளி யாருடையது? 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் பார்த்துப் புள்ளி போட எந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது?

ஓய்வுபெற்ற டீச்சர்:
நடக்கிறதுதான் தம்பி, மறுக்கவில்லை. கொண்டுவந்த மாதிரியுருவைக் காட்டி இரண்டு கேள்வி கேட்டால் போதும், வெட்டியது யார் என்று தெரிந்துவிடும். நான் அந்தப் பதிலுக்குத்தான் புள்ளி போடுவேன்.

உயர்தர மாணவன்:
அன்ரி, தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ் (சாதாரண சித்தி). அந்தக் கணக்கில் 58 ஒரு சி, மோசமில்லை. எங்களுக்குத்தான் தலையிடி. பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி, அதாவது அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் நாங்கள் எவ்வளவு மேலே அல்லது கீழே என்ற கணக்கு, அதற்கு மேல் மாவட்ட வெட்டுப்புள்ளி, அதாவது அந்த மாவட்டத்திலிருந்து அனுமதி கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளி, வேறு. மற்றவர்கள் நன்றாக எழுதிவிட்டால் என் 70க்கும் பெறுமதி குறைவு.

வெள்ளவத்தை அம்மா:
விடைத்தாள் கிடைத்தது. பல்தேர்வு நன்றாகச் செய்திருக்கிறாள், கட்டுரையில் இரண்டு வினாக்களைத் தொடவே இல்லை, நேரம் போதவில்லையாம். இந்த விடுமுறையில் மணிக்கூட்டை வைத்துப் பழைய வினாத்தாள்கள் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன், ரியூஷனை அடுத்த தவணை யோசிப்போம்.