கோயிலுக்குள் பிளாட்பாரம் தேடிய கதை

ராமேஸ்வரம் தீவின் முனையில் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடியைப் பார்க்கப் போய் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாசியில் போயிருந்தேன். பழைய ஊரில் இறங்கியதும் கண்ணில் பட்ட பெரிய கட்டடத்துக்குள் நுழைந்தேன். கூரை இல்லை, வளைவுகள் மட்டும் நிற்கின்றன. ஸ்டேஷன் இதுதான் என்று நானே முடிவுகட்டி, பிளாட்பாரம் எந்தப் பக்கம், டிக்கெட் கொடுத்த சன்னல் எது என்று அரைமணி நேரம் தேடினேன். வெளியே சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்த பாட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, அது கோயிலு. பூசை வச்ச எடம். டேசன் அங்கிட்டுக் கெடக்கு” என்றார். நான் சுற்றிவந்தது பழைய சர்ச்.

அங்கிட்டுப் போனால், சர்ச்சில் மிஞ்சியதில் பாதிகூட ஸ்டேஷனில் மிச்சமில்லை. உடைந்த சுவர்கள் கொஞ்சம், நீராவி இன்ஜினுக்கான தண்ணீர்த் தொட்டியின் இடிபாடு, அவ்வளவுதான். பலர் வண்டியை நிறுத்துவதே இல்லை. ஆனால் சுவர் பிளந்த இடத்தில் கிட்டே போய்ப் பாருங்கள். அத்தனையும் பவளக்கல். கல் முழுக்கப் பூப்பூவாகப் பொடித் துளைகள். இடுக்கில் விரலை வைத்தால் சுண்ணாம்பு மாவாக உதிர்கிறது. (பெயர் கிறுக்கியவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போல.)

பிளாட்பாரம் என்று நான் தேடியதெல்லாம் மணலாகத்தான் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரைக்கும் போனார்கள். போட் மெயில் ரயிலில் இங்கே வந்து இறங்கி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். பெட்டி படுக்கையும் கூலிக்காரர்களின் கூச்சலுமாக இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் இந்த ஸ்டேஷனை நெருங்கும்போதுதான் புயல் அலை அடித்தது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாட்டிக்கு அப்போது கைக்குழந்தை வயதாம். “எங்கம்மா இடுப்புல வச்சுக்கிட்டு மேட்டுக்கு ஓடுச்சாம். எனக்கென்ன தெரியும், சொல்லக் கேட்டதுதான்” என்றார். மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாலை வாங்கினேன்.

காசை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வேன் வந்து நின்றது. இறங்கியவர் நேராகக் கோயிலுக்குள் போய் மனைவியிடம், “ரயில் இங்கதான் வந்து நின்னிருக்கும்” என்றார். பாட்டி என்னைப் பார்த்தார்.