ஆட்டுக்கொல்லி (PPR) நோய்த் தடுப்பூசி தவறுவது வளர்ப்பவர் வயசாலா, முகாம் நேரத்தாலா?

சாயல்குடி_சீமை:
வயசும் படிப்பும்தான் முதல் காரணம்னு நினைக்கிறேன். வயசான கிடைக்காரர் (மந்தையை ஊர் ஊரா ஓட்டிப் போய் வயல்ல அடைக்கிறவர்) நோயை அடையாளம் காண்பதில் கெட்டிக்காரர். ஆனா ஆடு நல்லா மேயும்போது ஊசி எதுக்குன்னு கேட்பார். மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிச்சலும் வந்தபிறகு போடும் ஊசி அந்த ஆட்டைக் காப்பாத்தாது. இளவட்டங்க கையில பட்டி வந்தாதான் இது மாறும்.

கீழக்கரைச்சல்:
அண்ணே, இதை ஒத்துக்க முடியல. படிச்ச பையன் சந்தையில பத்து குட்டி வாங்கி அன்னைக்கே மத்த ஆடுகளோட பரண்ல (உயரமான பலகைக் கொட்டில்) ஏத்திடுறான். 21 நாள் தனியா கட்டணும்னு தெரிஞ்சும் இடமில்லம்பான். பட்டிக்குள்ள நோய் நுழையுறது அந்த வழியிலதான். கிடைக்காரரோட சிக்கல் வேற: அறுவடை முடிஞ்சதும் கிடை தஞ்சாவூர்ப் பக்கம் போயிடும். அப்ப ஊருல முகாம் போட்டா யாருக்கு ஊசி? புரட்டாசியில, மழைக்கு முன்னால திரும்பினதும் போடணும்.

தொண்டிக்கரை:
ரெண்டு பேரும் பொம்பளைகளை விட்டுட்டீங்க. மீனவக் குப்பத்துல அஞ்சாறு வெள்ளாட்டைப் பார்த்துக்கிறது அவங்கதான். ஆம்பளை கடலுக்குப் போயிருப்பார். காலையில 9 மணிக்கெல்லாம் ஆடு கருவேலங்காட்டுக்குள்ள போயிடும். 11 மணி முகாமுக்கு எதைப் பிடிச்சுட்டு வர? தகவலை மகளிர் குழுவுக்குச் சொல்லி, 6 மணிக்கே பட்டி வாசல்ல போட்டா ஒண்ணும் தப்பாது.

சாயல்குடி_சீமை:
நேரம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா துள்ளுமாரிக்கு (குடல் நச்சு நோய், இது வேற ஊசி) முதல்முறை போட்டா ரெண்டு மூணு வாரத்துல இன்னொரு ஊசி உண்டு. அதுக்கு யாரும் வர்றதில்ல. அதை நினைப்புல வச்சுக்க எழுதப் படிக்கத் தெரியணுமே!

கீழக்கரைச்சல்:
பௌர்ணமிக்குப் போட்டா அமாவாசைக்கு அடுத்ததுன்னு சொல்லிப் பாருங்க, எழுத்தே வேணாம். ஊசி பலிக்காம போறதுக்குப் பெரும்பாலும் வெயில்தான் காரணம். ஆட்டுக்கொல்லி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். கரைச்சபிறகும் ஐஸ்லயே வச்சு 2 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். தோலுக்கடியில 1 மில்லி. 4 மாசம் ஆகாத குட்டிக்குப் போட்டா தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பே மருந்தை முறிச்சிடும். முறையாப் போட்டது மூணு வருஷம் தாங்கும்.

தொண்டிக்கரை:
அந்த மூணு வருஷத்தை நம்பி பட்டியை விட்டுடாதீங்க. வருஷா வருஷம் புதுசா பிறக்குற குட்டிக்கு அந்த ஊசி போட்டிருக்காதே. 4 மாசம் தாண்டினதை மட்டும் தனியா எண்ணிப் போடணும். எந்தக் குட்டி எப்பப் பிறந்ததுன்னு வீட்டுல இருக்கிற அம்மாவுக்குத்தான் தெரியும், ஆவணத்துல பேர் இருக்கிற ஆம்பளைக்கு இல்ல.