கிளீன்ரூம் காற்றுக்கு ஆகும் கரண்ட்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வேலை பார்ப்பவர்களின் அனுபவங்கள்

ஓசூர், ஆலை யூட்டிலிட்டி பிரிவு (தொடங்கியவர்)

கிளீன்ரூம், அதாவது ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் வடிகட்டி) போட்டுக் காற்றைச் சுத்தமாக வைத்திருக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறோம். ஆலை, ஆஸ்பத்திரி, லேப் எதுவானாலும் சரி, கரண்ட் விஷயத்தில் கண்ணால் கண்டதை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

எங்களுடையது மின்னணு உதிரிபாகம் செய்யும் ஆலை. கரண்ட் எல்லாம் உற்பத்தி மெஷினுக்குத்தான் போகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். தனித்தனியாக மீட்டர் மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்து அறைக்கு அனுப்பும் பெரிய யூனிட்), கூரையில் பதித்திருக்கும் எஃப்எஃப்யூ (ஃபேனும் ஹெப்பா ஃபில்டரும் சேர்ந்த பெட்டி), சில்லர் (குளிர்ந்த நீர் தரும் மெஷின்) மூன்றும் சேர்ந்து உற்பத்தி மெஷின்களைவிட அதிகமாக இழுக்கின்றன. மெஷின் ஷிஃப்ட் முடிந்தால் நிற்கும். காற்று நிற்காது. பொங்கலுக்கு ஆலையே பூட்டியிருந்தாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு எஃப்எஃப்யூ 150 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 இருந்தால் 15 கிலோவாட். வருடத்துக்கு 8,760 மணி நேரம் ஓடினால் 1,31,400 யூனிட். அதோடு முடியவில்லை. ஃபேன் தின்னும் கரண்ட் முழுவதும் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே சூடாக மாறுகிறது. சில்லரின் சிஓபி 3 என்றால், அதாவது 1 கிலோவாட் கரண்டில் 3 கிலோவாட் சூட்டை எடுக்கும் என்றால், அந்தச் சூட்டை வெளியே தள்ள இன்னும் 5 கிலோவாட் வேண்டும். ஒரே காற்றுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறோம்.

எங்கள் அறையின் சுத்தத் தரம் ஐஎஸ்ஓ 7. அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் ஒரு கனமீட்டருக்கு 3,52,000 வரை இருக்கலாம். எங்கள் துகள் எண்ணும் கவுன்ட்டர் காட்டியதோ அதில் ஒரு சின்னப் பங்குதான். அதனால் காற்றின் வேகத்தை நொடிக்கு 0.45 மீட்டரிலிருந்து படிப்படியாக இறக்கினோம். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் வேலை செய்யும்போதே துகளை எண்ணிவிட்டுத்தான் அடுத்த படி. உடை மாற்றும் அறைப் பக்கம் இருக்கிற மூலையில் மட்டும் எண்ணிக்கை ஏறியது, அங்கே பழைய வேகத்தையே வைத்துவிட்டோம். மற்ற இடங்களில் ஒரு மாற்றமும் இல்லை.

காற்றைக் குறைப்பதைவிடக் கையெழுத்து வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. "நாளைக்கு ஒரு லாட் ரிஜெக்ட் ஆனால் யார் பதில் சொல்வது?" என்று தரப் பிரிவில் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. இன்னும் பாதி இடத்துக்கு அனுமதி வரவில்லை.

பர்கூர் பக்கம், ஏஎச்யூ பராமரிப்பு

அண்ணா, எங்க பக்கம் பிரச்சினையே வேற. சுத்தி கிரானைட் கட்டிங், பாலிஷ் பட்டறை, கல்குவாரி. ஆடிக்காத்து கிளம்பிச்சுன்னா ஃப்ரெஷ் ஏர் எடுக்கிற வாயில மாவு மாதிரி கல்தூசு அப்பிக்கும். ப்ரீஃபில்டர் (பெரிய தூசைப் பிடிக்கிற முதல் வடிகட்டி) அடைச்சுக்கும்.

இதுல ஒண்ண கவனிச்சேன், எல்லாரும் பாருங்க. முன்னாடி ஃபில்டர் அடைச்சா அறையில காத்து குறையும், உடனே தெரிஞ்சிடும். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்துற கருவி) போட்டதுக்கப்புறம் தெரியறதில்ல. காத்து குறையாம இருக்க அதுவே ஃபேன் வேகத்தை ஏத்திக்குது. அறையில எல்லா ரீடிங்கும் சரியா இருக்கும், அலாரமும் வராது. மோட்டார் மட்டும் கூடுதலா இழுத்துக்கிட்டு கிடக்கும். நான் இப்ப காலையில ரவுண்ட் போறப்ப முதல்ல விஎஃப்டி டிஸ்ப்ளேல ஹெர்ட்ஸ் எவ்வளவுன்னுதான் பாக்கறேன். 38ல ஓடினது 43க்கு வந்திருந்தா ஃபில்டர் கூப்பிடுதுன்னு அர்த்தம்.

மாசத்துக்கு ஒரு தடவை கழுவணும்னு அட்டவணையில இருக்கும். எங்க ஊர் காத்துக்கு அட்டவணை தெரியாது. ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற பிரஷர் வித்தியாசம் காட்டுற கேஜ் பாத்துக் கழுவறதுதான் சரி. கழுவினதை நல்லா காயவெச்சு மாட்டுங்க. ஈரத்தோட மாட்டினா தூசு சேறா ஒட்டிக்கும், ஒரே வாரத்துல பழைய கதை.

ஓசூர், திசு வளர்ப்பு லேப்

எங்களுது சின்ன லேப்ங்க. ஜெர்பெரா, வாழை நாத்து. ஃபில்டர் வழியா சுத்தமான காத்து அடிக்கிற லேமினார் பெஞ்ச்ல உக்காந்து பிளேடால வெட்டி பாட்டில் மாத்துற வேலை. மதியம் சாப்பிடப் போறப்ப பெஞ்ச் ஃபேனை நிறுத்துங்கன்னு ஓனர் சொன்னாரு. நிறுத்தினா திரும்ப வந்து ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, ஃபேன் ஓடவிட்டு, இருபது நிமிஷம் காத்திருந்துதான் கை வைக்கணும். பொறுமையில்லாம ஆரம்பிச்சா நாலஞ்சு நாள் கழிச்சு பாட்டிலுக்குள்ள பூஞ்சை தெரியும். ஒரு டிரே நாத்து போச்சுன்னா மிச்சம் பிடிச்ச கரண்ட்டுக்கு மேல நஷ்டம்.

அதுக்குப் பதிலா வேற ஒண்ணு பண்ணினோம். நாலு பெஞ்ச்ல ஆளுக்குக் கொஞ்சமா செய்யறதை விட்டுட்டு, ரெண்டு பெஞ்ச்ல ஷிஃப்ட் பிரிச்சு முழுசா செய்யறோம். மத்த ரெண்டும் மூடியே கிடக்கு.

உண்மையச் சொன்னா, எங்க லேப்ல பெரிய செலவு ஃபில்டரே இல்ல. வளர்ப்பு அறையில 16 மணி நேரம் எரியற லைட்டும், அந்த லைட்டோட சூட்டை எடுக்கிற ஏசியும்தான். டியூப் லைட்டைக் கழட்டி எல்இடி போட்டதும் ரெண்டும் சேர்ந்து குறைஞ்சுது.

தருமபுரி, ஆஸ்பத்திரி ஏசி டெக்னீஷியன்

ஆபரேஷன் தியேட்டர் பற்றிச் சொல்கிறேன். நான் முன்பு இருந்த இடத்தில் சாயங்காலம் ஆபரேஷன் கேஸ் முடிந்ததும் ஏஎச்யூவை அணைத்துவிடுவார்கள். சிக்கனம் என்று நினைத்துச் செய்தது. ராத்திரி முழுக்க கூலிங் காயிலில் இருக்கும் ஈரமும் டக்டும் (காற்றுக் குழாய்) அப்படியே காற்றோட்டமில்லாமல் கிடக்கும். அறையின் பாசிட்டிவ் பிரஷர் (வெளியைவிட உள்ளே கூடுதலாக வைக்கும் காற்றழுத்தம்) போய், வராந்தா காற்று உள்ளே வரும். நோயாளி படுக்கும் இடத்தில் அது கூடவே கூடாது.

ஆஸ்பத்திரிகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்ஏபிஎச் அமைப்பின் வழிகாட்டுதலே இதற்கு வழி சொல்கிறது. ஃபேன் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். ஆனால் கேஸ் இல்லாத நேரத்தில் விஎஃப்டி மூலம் காற்று மாற்றும் அளவை வழக்கத்தில் 25 சதவீதமாக இறக்கலாம், குளிரூட்டலும் தேவையில்லை, பிரஷர் மட்டும் கெடக்கூடாது. இப்போது இருக்கும் இடத்தில் அப்படித்தான் ஓட்டுகிறோம். காலையில் கேஸுக்கு முன்பே முழு வேகத்துக்கு ஏற்றிவிடுவோம்.

இன்னொன்று. சித்திரை வெயிலில் நம் ஊர் வெளிக்காற்று 38, 39 டிகிரி. அதை உள்ளே எடுத்து 16 டிகிரிக்கு இறக்கச் சொல்லி டாக்டர்கள் கேட்பார்கள். கவுன் போட்டு லைட்டுக்குக் கீழே நிற்பவர்களுக்குப் புழுக்கம்தான், புரிகிறது. 21 டிகிரியிலிருந்து 3 கூடக் குறைய வைக்கலாம் என்பதுதான் அளவு. 18க்குக் கீழே போகாமல் பேசிப் பேசி நிறுத்தியிருக்கிறேன்.

கிருஷ்ணகிரி, வேலிடேஷன் (கிளீன்ரூம் அளவுகளைச் சோதித்துச் சான்று தரும்) வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்

ஓசூர் தம்பிக்கு. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் கரண்ட் பாதியாகும் என்று வேகத்தின் மும்மடிக் கணக்கை நம்பி மேலிடத்துக்கு எழுதிவிடாதீர்கள். 0.8ஐ மூன்று முறை பெருக்கினால் 0.51 வருவது உண்மைதான். அது டக்ட் போன்ற தடைகளுக்குப் பொருந்தும். ஹெப்பா தாளில் காற்று மெதுவாகப் போவதால் தடை வேகத்தின் நேர்விகிதத்திலேயே குறையும், அங்கே 0.8ஐ இரண்டு முறை பெருக்கி வரும் 0.64தான் கிடைக்கும். உங்கள் எஃப்எஃப்யூவில் நிஜம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். மீட்டர் காட்டுவதை மட்டும் எழுதுங்கள்.

கையெழுத்துக்கு ஒரு வழி: ஐஎஸ்ஓ 14644இன் 16ஆம் பகுதி, 2019இல் வந்தது, கிளீன்ரூம் எரிசக்தி பற்றியே பேசுகிறது. சோதித்து, பதிவு செய்து, காற்றளவைக் குறைக்கலாம் என்பதற்கு அதில் முறையே இருக்கிறது. தரப் பிரிவிடம் அதை வைத்துப் பேசுங்கள்.

கதவையும் பாருங்கள். ஒரு இடத்தில் பிரஷர் நிற்கவில்லை என்று ஃப்ரெஷ் ஏர் டேம்பரை (வெளிக்காற்று வரும் அளவைக் கட்டுப்படுத்தும் மடல்) திறந்துகொண்டே போயிருந்தார்கள். இருக்கிற காற்றிலேயே விலை உயர்ந்தது அதுதான், சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். போய்ப் பார்த்தால் கதவின் அடி ரப்பர் கிழிந்திருந்தது. ரப்பர் மாற்றியதும் டேம்பர் பழைய இடத்துக்கு வந்தது.

ஓசூர், ஆலை யூட்டிலிட்டி பிரிவு

ரொம்ப நன்றி சார். மும்மடிக் கணக்கில் போட்ட அறிக்கை இன்னும் போகவில்லை, மீட்டர் எண்ணோடு திருத்திவிடுகிறேன். பர்கூர் தம்பி, ப்ரீஃபில்டரை எந்த ரீடிங்கில் கழட்டுகிறீர்கள்?

பர்கூர் பக்கம், ஏஎச்யூ பராமரிப்பு

புதுசு மாட்டினப்ப 50 பாஸ்கல் காட்டும்ணா. 100 தாண்டினா கழட்டிடுவேன். ஆடியில தினமும் பாக்கறேன்.