மர்ட்டில் பீச்சில் பலூன் விழுந்த நாள்: நேரில் பார்த்தவர்கள் பகிருங்கள்

சார்லட், வட கரோலினாவிலிருந்து

ரொம்ப நாளாக எழுத நினைத்தது. 2023 பிப்ரவரி 4 அன்று வேவு பலூன் என்று அமெரிக்கா சொன்ன அந்தச் சீன பலூனை அமெரிக்க விமானப்படை சுட்டபோது நான், மனைவி, எட்டு வயது மகள் மூவரும் தென் கரோலினாவின் சர்ஃப்சைட் பீச் மணலில் நின்று பார்த்தோம். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். இந்த மாதிரி எதையாவது பார்த்தவர்கள், கேட்டவர்கள் கீழே சொல்லுங்கள்.

வெள்ளி ராத்திரியே கடற்கரைக்குப் போய்விட்டோம். பலூன் பேச்சு அதற்குள் எல்லா வீட்டுக்கும் வந்திருந்தது. ஜனவரி 28-ல் அலாஸ்கா பக்கம் நுழைந்தது. 30-ல் கனடா. 31-ல் ஐடஹோ வழியாகத் திரும்பவும் அமெரிக்கா. பிப்ரவரி 1-ல் மொன்டானாவின் பில்லிங்ஸ் ஊர்க்காரர்கள் பட்டப்பகலில் அதைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். மறுநாள்தான் பென்டகன் வாய் திறந்தது. மினிட்மேன் என்ற அணு ஏவுகணைகளை நிலத்தடியில் வைத்திருக்கும் மால்ம்ஸ்ட்ராம் தளம் அதே மாநிலத்தில் இருக்கிறது. பில்லிங்ஸ் விமான நிலையத்தில் போக்குவரத்தை நிறுத்தி, எஃப்-22 போர் விமானங்களை மேலே அனுப்பினார்கள். ஆனால் சுடவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் தமிழ்ப் பள்ளி வாட்சப் குழுவில் படம் மேல் படமாக வந்து விழுந்தது. பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுப் பெற்றோர் எல்லாரும் வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணாந்து நிற்கிறார்கள். "பகல்ல தெரியற நிலா மாதிரி இருக்கு, ஆனா நகருது" என்று ஒருவர் குரல் பதிவு போட்டிருந்தார். காற்று மேற்கிலிருந்து. அப்படியானால் அடுத்து எங்கள் தலைக்கு மேல்தான்.

மதியத்துக்கு மேல் மர்ட்டில் பீச், சார்ல்ஸ்டன், வில்மிங்டன் மூன்று விமான நிலையங்களையும் நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. இருந்தும் ஓட்டல் பால்கனிகளில் இடமில்லை. வெள்ளைப் புள்ளி நேர் மேலே வந்து மெல்லக் கடலுக்குள் நகர்ந்தது. மகளிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். "அப்பா, அடியில ஏதோ கம்பி மாதிரி தொங்குது" என்றாள். சூரியத் தகடுகள் பொருத்திய சட்டத்தைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். பலூன் மட்டும் 60 மீட்டர் உயரம். கீழே தொங்கியது சின்ன பயணிகள் விமானம் அளவு, 2,000 பவுண்டுக்கு மேல் எடை.

விமானங்கள் வெள்ளைக் கோடுகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பிற்பகல் 2:39. ஒரு கோடு நேராகப் போனது. அதிலிருந்து இன்னொரு மெல்லிய கோடு பிரிந்தது. சத்தமே இல்லை. புள்ளி இருந்த இடத்தில் ஒரு புகைத்திட்டு. பிறகு ஈரத் துணி மாதிரி ஏதோ ஒன்று தொங்கித் தொங்கிக் கீழே இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டத் தொடங்கி, நானும் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த 'டம்' வந்து சேர்ந்தது. ஒரு நிமிஷத்துக்கும் மேல் ஆகியிருக்கும். நெஞ்சுக்கூட்டில் உணர்ந்தேன். மகள் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

விர்ஜீனியாவின் லாங்லி தளத்திலிருந்து வந்த எஃப்-22 அது. 58,000 அடியிலிருந்து, அதற்கும் மேலே மிதந்த பலூனை நோக்கி ஒரே ஒரு சைட்வைண்டர் ஏவுகணை. அந்த விமானத்தின் அழைப்புப் பெயர் 'ஃபிராங்க் 01'. முதல் உலகப் போரில் 14 ஜெர்மன் பலூன்களை வீழ்த்திய ஃபிராங்க் லூக்கின் நினைவாக வைத்தது. இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பையனை யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் இன்றைக்கும் கேட்கிறார்கள்: ஒரு வாரம் நாட்டின் மேல் சுற்றவிட்டுவிட்டு, போன பிறகு சுட்டு என்ன பயன்? நான் மணலில் நின்று பார்த்தவன். அவ்வளவு எடை ஒரு ஊரின் மேல் விழுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. விழுந்த இடம் கரையிலிருந்து ஆறு கடல் மைல். ஆழம் 47 அடிதான். முக்குளிப்பவர்கள் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பாகங்களை அள்ளிவிட்டார்கள். நிலத்தில் நொறுங்கியிருந்தால் அத்தனையும் கிடைத்திருக்காது. நாட்டின் மேல் பறந்தபோது அது தகவல் எதையும் சேகரிக்கவில்லை என்று அந்த ஜூனில் பென்டகன் சொன்னது. காத்திருந்ததுதான் சரி என்பது என் முடிவு.

ஒன்ராறியோ, கனடாவிலிருந்து

அண்ணை, நீங்கள் எழுதினதை வாசிச்சு முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நான் ஹியூரன் ஏரிப் பக்கம், புரூஸ் குடாநாட்டில முதியோர் இல்லம் ஒண்டில வேலை. உங்கட பலூன் விழுந்து எட்டு நாள் கழிச்சு, பெப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கு மேல எஃப்-16 ஒண்டு ஏதோ ஒண்டைச் சுட்டு விழுத்தினது நினைவிருக்கும். எண்கோண வடிவம், கீழ நூல் தொங்கினது எண்டு பிறகு சொன்னவை. 20,000 அடி உயரம்தான். பயணிகள் விமானம் ஏறி இறங்கிற உயரம் எண்டபடியால் விடேலாது எண்டு முடிவெடுத்தவை. முதல் ஏவுகணை தவறி ஏரிக்குள்ள விழுந்தது, ரெண்டாவதுதான் பட்டது.

எனக்கு ஒண்டும் தெரியாது. பின்னேரம் ஒரு அம்மாவுக்குத் தேத்தண்ணி குடுத்துக்கொண்டு நிக்கிறன். மேல போர் விமான இரைச்சல். பயணிகள் விமானச் சத்தமும் அதுவும் ஒண்டில்லை, எங்கட சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. கோப்பையைக் கீழ வச்சிட்டு, அந்த அம்மாவின்ர கட்டிலுக்குப் பக்கத்தில நிலத்தில குந்திப்போட்டன். வன்னியில போர் நேரம் கிபிர் குண்டுவீச்சு விமானம் வந்தால் என்ன செய்வமோ அதைத்தான் என்ர உடம்பு செய்தது. பதினாலு வருசத்துக்குப் பிறகு. அவ என்ர தலையைத் தடவி, "ஒண்டுமில்லை பிள்ளை" எண்ட மாதிரி இங்கிலீசில ஏதோ சொன்னா.

நீங்கள் கை தட்டினது பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. உங்கட மகள் காலைக் கட்டிப் பிடிச்சது எனக்கு விளங்குது, அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து, ஹாம் வானொலி

அக்கா சொன்ன அந்த வாரத்தை நான் வேறு பக்கத்திலிருந்து பார்த்தேன். ஹாம் என்றால் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்கள், கேட்கிறவர்கள். எனக்கு வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்தால் அதில் பலூன் தேடுவதுதான் பொழுது. 'பிகோ பலூன்' என்று ஒன்று உண்டு. பிறந்தநாளுக்கு வாங்குகிற வெள்ளி நிறத் தகட்டு பலூன் மாதிரி, ஒரு மீட்டர்கூட இராது. அடியில் சில கிராம் எடையில் ஒரு சின்ன மின்சுற்று, தபால்தலை அளவு சூரியத் தகடுகள், தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி ஆன்டெனா. ஒரு டார்ச் பல்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு மின்சாரம், பத்து இருபது மில்லிவாட். அதை வைத்துக்கொண்டு தன் இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே உலகத்தைச் சுற்றும். நான் பல நாள் ஒரே பலூனைத் தொடர்ந்திருக்கிறேன். ராத்திரியானால் வெயில் இல்லை, அது பேசாது. விடிந்ததும் எந்தக் கடலுக்கு மேல் கண் விழிக்கும் என்று காத்திருப்பேன்.

பிப்ரவரி 10-ல் அலாஸ்காவின் டெட்ஹார்ஸ் அருகே ஒன்றைச் சுட்டார்கள். 11-ல் கனடாவின் யூகான். 12-ல் ஹியூரன். வடக்கு இல்லினாய் ஹாம் நண்பர்கள் விட்டிருந்த ஒரு பலூன், பலமுறை உலகத்தைச் சுற்றியது, அலாஸ்காவின் மேற்குக் கரைக்கு அருகே 39,000 அடிக்குப் பக்கத்தில் கடைசியாகப் பேசியது. காற்றின் கணக்குப்படி 11-ஆம் தேதி அது யூகான் மேல் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பேசவில்லை. சுட்டது அதைத்தான் என்று எந்த அரசும் உறுதி செய்யவில்லை. மூன்றின் எச்சங்களையும் தேடிக் கிடைக்காமல் ஒரு வாரத்துக்குள் தேடலை நிறுத்திவிட்டார்கள். 16-ஆம் தேதி அப்போதைய அதிபர் பைடனே சொன்னார், மூன்றும் தனியார் நிறுவனத்தின், பொழுதுபோக்குக் குழுவின், அல்லது ஆராய்ச்சிக்கான பலூன்களாகத்தான் பெரும்பாலும் இருக்கும் என்று.

ஒரு சைட்வைண்டர் நாலு லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பணத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. சாலிடரிங் அயர்ன் பிடித்துக்கொண்டு பல ராத்திரி உட்கார்ந்து செய்தவர்கள் அவர்கள். என்ன விட்டோம், எங்கே இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருந்தார்கள். சுடும் முன் ஒருவர் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். அது ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து, விமானப்படை ஓய்வு

தம்பி சொல்வதில் ஞாயம் உண்டு. ராடார் முன்னால் உட்கார்ந்தவனின் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். இருபது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவன்.

திரையில் எல்லாமே வந்தால் ஒன்றுமே தெரியாது. பறவைக் கூட்டம், மழை மேகம் எல்லாவற்றுக்கும் எதிரொலி உண்டு. அதனால் மெதுவாகப் போவதைக் கழித்துவிடு என்று வடிகட்டி வைத்திருப்போம். எதிரி விமானம் வேகமாகத்தான் வரும் என்ற நம்பிக்கை. பலூன் காற்றோடு போகிறது, வடிகட்டியில் போய்விடும். முதல் பலூனுக்குப் பிறகு, அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் வான் காவல் அமைப்பான நோராட் அந்த வடிகட்டியைத் தளர்த்தியது. தளர்த்தினதும் இத்தனை நாள் வானத்தில் இருந்தவை எல்லாம் கண்ணில் படத் தொடங்கின. 11-ஆம் தேதி மொன்டானாவில் ஏதோ தெரிகிறது என்று வான்வெளியை மூடி விமானத்தை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மூன்று நாளில் மூன்று சுட்டதற்குக் காரணம் வானம் மாறியதல்ல, பார்க்கிற கண் மாறியது.

நம் நாட்டிலும் 2016 குடியரசு தினத்தன்று ராஜஸ்தானில் பலூன் மாதிரி ஒன்றை சுகோய்-30 சுட்டது. 97 ரவுண்டு குண்டு செலவானதாகப் பிற்பாடு பாதுகாப்பு அமைச்சர் பாரிக்கர் சொன்னார். அது பணியில் இருந்த பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்தது, நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். பலூனை விமானத்தில் உள்ள பீரங்கியால் சுடுவது எளிதல்ல. விமானம் பறக்க வேகம் வேண்டும், பலூனோ நின்ற இடத்தில் நிற்கிறது. குறி வைக்கிற நேரம் கண் இமைக்கிற நேரம்தான்.

பட்டாலும் வெடிக்காது. இதைப் பலர் நம்புவதில்லை. பெரிய ஆராய்ச்சி பலூனுக்கு அடியில் திறப்பு இருக்கும். உள்ளே, வெளியே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். குண்டு ஓட்டை போடும், ஹீலியம் மெல்லக் கசியும், அவ்வளவே. 1998 ஆகஸ்டில் கனடாவின் சஸ்காச்சுவானில் ஓசோன் ஆராய்ச்சிக்காக விட்ட பலூன் கட்டுப்பாடு இழந்து ஓடியது. நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு சிஎஃப்-18 விமானங்கள் ஆயிரம் ரவுண்டுக்கு மேல் சுட்டன. அது அட்லாண்டிக்கைத் தாண்டி ஃபின்லாந்தின் தீவு ஒன்றில் போய்த்தான் விழுந்தது. 1956-ல் அமெரிக்கா சோவியத் நாட்டின் மேல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கேமரா பலூன்களை விட்டபோது, ராத்திரிக் குளிரில் வாயு சுருங்கி பலூன் தாழும், விடியற்காலையில் பிடிக்கலாம் என்று மிக் விமானிகள் கண்டுபிடித்தார்கள். சார்லட் தம்பி பார்த்தது ஏவுகணை. அதனால்தான் ஒரே அடி.

போர்ட் பிளேரிலிருந்து

2022 ஜனவரி முதல் வாரம். சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். வெள்ளையாக, உருண்டையாக, அசையாமல். மீன்காரர் அது நிலா இல்லை என்றார், காலையிலிருந்து பார்க்கிறாராம். நானும் போனில் படம் எடுத்தேன். யாரும் சுடவில்லை, இரைச்சலும் இல்லை. அடுத்த வருஷம் அமெரிக்கச் செய்தி வந்தபோது அந்தப் படத்தைத் தேடி எடுத்து வைத்துப் பார்த்தேன். ரெண்டும் ஒரே ஜாடை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சார்லட், வட கரோலினாவிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. ஒன்ராறியோ அக்கா, உங்கள் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

கோயம்புத்தூர் ஐயாவிடம் ஒரு கேள்வி. அடையாளம் தெரியாத பலூன் திரையில் வந்தால், அந்த அறையில் முதலில் என்ன பேசுவீர்கள்?

கோயம்புத்தூரிலிருந்து, விமானப்படை ஓய்வு

உள்ளே ஆள் இருக்கிறானா என்றுதான் தம்பி. 1995 செப்டம்பர் 12. கோர்டன் பென்னட் பந்தயத்தில் பறந்த வாயு பலூன் ஒன்று பெலாரஸ் வான்வெளிக்குள் போனது. பந்தயம் நடக்கப்போவதை அந்த நாட்டுக்கு மே மாதமே தெரிவித்திருந்தார்கள். ஹெலிகாப்டரை அனுப்பிச் சுட்டுவிட்டார்கள். உள்ளே அமெரிக்கர்கள் இரண்டு பேர். இருவரும் இறந்துபோனார்கள். எங்கள் வகுப்பில் புதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.