ராமியோன் சுவையில் சோறு: தென் கொரியக் கடைகளில் சாப்பிட்ட அனுபவங்கள்

தென் கொரிய நகரங்களில் வசிக்கும் நம் உறுப்பினர்கள் மூவரின் பகிர்வுகள் இவை.

தேஜோனில் ஆய்வாளராக இருக்கும் உறுப்பினர்:

தென் கொரியாவில் இரவு பகல் பாராமல் திறந்திருக்கும் சிறு கடைகளின் குளிர்ப்பெட்டியில், ராமியோன் எனப்படும் கொரிய உடனடி நூடுல்ஸின் சுவையைச் சோற்றிலும் பன்னிலும் ஏற்றிய தயார் உணவுகள் புதிது புதிதாக வந்து அடுக்கப்படுவதும், விற்காதவை சத்தமில்லாமல் காணாமல்போவதும் இங்கு வசிப்பவர்களுக்குப் பழகிய காட்சி. ஆய்வகத்தில் வேலை நீண்டுவிடும் நாட்களில் எனக்கு இரவுச் சாப்பாடே இவைதான் என்பதால், கடற்பாசித் தாளில் சுற்றிய சோறான முக்கோணக் கிம்பாப், தோஷிராக் எனப்படும் பெட்டிச் சாப்பாடு, பர்கர் என்று வந்த வடிவங்களையெல்லாம் ஓரளவுக்குச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கொதிக்கக் கொதிக்கச் சாற்றோடு குடிக்க வேண்டிய ராமியோனின் சுவை சோற்றில் நிற்பதில்லை என்பதும், சாற்றை வடித்துவிட்டுப் பிரட்டிச் சாப்பிடும் ராமியோனின் சுவை நன்றாகவே நிற்கிறது என்பதும் என் முடிவு.

காரணம் சமையலில்தான் இருக்கிறது. 1986 முதல் விற்பனையில் இருக்கும் ஷின் ராமியோனை எடுத்துக்கொண்டால், ஒரு பாக்கெட்டுக்கு 550 மில்லி தண்ணீர் வைக்கச் சொல்கிறார்கள். அதன் மசாலாத் தூள் அவ்வளவு வெந்நீரில் கரைந்து, பொரித்த நூடுல்ஸிலிருந்து பிரியும் எண்ணெயோடு சேர்ந்து, ஆவியாக மூக்கில் ஏறும்போதுதான் நாம் ராமியோன் என்று அடையாளம் கண்டுகொள்ளும் சுவை உருவாகிறது. அதே வகை மசாலாவைக் குளிர்ந்த சோற்றில் பிசைந்தால் மணம் எழும்புவதற்கு வழியில்லாமல், உப்பும் காரமும் மட்டும் முந்திக்கொண்டு நிற்கின்றன. ஷின் ராமியோன் ஒரு பாக்கெட்டில் மட்டும் 1790 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமே 2000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிண்ணத்தில் குடிப்பவர் சாற்றை மிச்சம் வைத்து அந்த உப்பில் ஒரு பங்கைத் தவிர்த்துவிடலாம். சோற்றோடு கலந்துவிட்ட மசாலாவை என்ன செய்வது?

முக்கோணக் கிம்பாப்பைப் பார்த்திராதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உள்ளங்கையளவு சோற்று முக்கோணத்தைச் சுற்றிக் கடற்பாசித் தாள் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஓடுவதால், பிரிக்கும் நிமிடம் வரை தாள் நமத்துப்போகாது. உச்சியில் 1 என்று அச்சிட்ட நாடாவைக் கீழ்நோக்கி இழுத்து முழுச் சுற்றாகக் கிழித்தெடுத்து, பிறகு 2, 3 என்று குறித்த இரண்டு மூலைகளையும் பக்கவாட்டில் உருவினால், படலம் மட்டும் கழன்று, மொறுமொறுப்பான தாள் சோற்றின் மேல் வந்து அமரும். சென்ற குளிர்காலத்தில் நான் வாங்கிய காரச் சாறு ராமியோன் சுவை முக்கோணத்தில், சோறு முழுவதும் இளஞ்சிவப்பாக நிறம் ஏறியிருந்தது. நடுவே ஒரு தேக்கரண்டி அளவுக்குச் செம்பழுப்பு விழுது, அதில் காய்ந்த வெங்காயத்தாளின் துணுக்குகள், நொறுக்கிப் போட்ட நூடுல்ஸ் துண்டுகள். அந்தத் துண்டுகள்தான் இதன் சிறப்பு என்று உறை முழங்கியது. சோற்றின் ஈரத்தை நாள் முழுவதும் குடித்து அவை ரப்பர் போல ஆகியிருந்தன என்பதே உண்மை. வேகவைத்த சோற்றின் மாவுச்சத்து குளிரில் இறுகும் என்பதால், சூடாக்காமல் சாப்பிட்டால் பருக்கை பருக்கையாக விறைத்திருக்கும். உறையில் குறித்தபடி 700 வாட் மைக்ரோவேவில் இருபது விநாடி வைத்தால் சோறு இளகுகிறது, மணமும் கொஞ்சம் எழுகிறது. அதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

பிரட்டல் வகை வேறு கதை. சம்யாங் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த புல்டாக் வகையில், நூடுல்ஸை வேகவைத்து எட்டுக் கரண்டித் தண்ணீரை மட்டும் நிறுத்தி மீதியை வடித்துவிட்டு, திரவச் சாஸை ஊற்றி அரை நிமிடம் வதக்கச் சொல்வார்கள். அந்தச் சாஸுக்குச் சாறே தேவையில்லை; இனிப்பும் எரிச்சலும் எண்ணெய்ப்பசையும் கெட்டியாக அதிலேயே இருப்பதால், நூடுல்ஸ் இருந்த இடத்தில் சோற்றை வைத்தாலும் சுவை குன்றுவதில்லை. கறுப்பு அவரை விழுதில் பிரட்டும் சப்பகெட்டி என்ற ராமியோனின் சுவைக்கும் இதே நியாயம் பொருந்தும்; அந்த விழுதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் ஜாஜாங்பாப் கொரியச் சீன உணவகங்களில் நெடுங்காலமாகப் பரிமாறப்பட்டு வரும் சாப்பாடுதான். புதுமை என்று உறையில் போட்டாலும், உள்ளே இருப்பது பழைய பந்தம். புல்டாக் சுவை முக்கோணத்தை முதல்முறை வாங்குகிறவர்கள் கூடவே ஒரு பாக்கெட் பாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட்டவன் என்ற பெருமிதம் இங்கே செல்லாது, ஏனென்றால் இந்த எரிச்சல் இரண்டாவது வாய்க்குப் பிறகுதான் ஏறத் தொடங்குகிறது.

பர்கரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சூடாக்கினால் பன் சாஸைக் குடித்துவிட்டுத் தொய்ந்துபோகிறது; சூடாக்காவிட்டால் உள்ளே கொழுப்பு உறைந்திருக்கிறது.

சுவோனில் குடும்பத்தோடு வசிக்கும் உறுப்பினர்:

அண்ணா எழுதியதில் சுவையைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம்மவர்களில் பலருக்கு, வாயில் வைப்பதற்கு முன்பே, இதில் மாட்டிறைச்சி இருக்கிறதா என்ற கேள்வி வந்துவிடும். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. மாமியார் வந்து தங்கும் மாதங்களில் அவருக்கென்று முழுச் சைவம் பார்த்தாக வேண்டும். காரச் சாறு ராமியோன்களின் அடிச்சுவை பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு என்பதால், அதைப் பின்பற்றும் சோற்று வகைகளிலும் அது தூளாகவோ சாறாகவோ ஒளிந்திருக்கும். உறையின் முகப்பில் கோழியின் படம் இருந்தாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் நான் எதையும் எடுப்பதில்லை.

இதில் நமக்கு அமைந்த ஒரு வசதி, கொரியாவின் உணவு விதிகளின்படி ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடியவை என்று கட்டாயமாகக் குறிக்க வேண்டியவற்றின் பட்டியலில் பால், முட்டை, கோதுமை, இறால் ஆகியவற்றோடு மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கோழியிறைச்சி ஆகியவையும் இடம்பெற்றிருப்பதுதான். சேர்மானப் பட்டியலுக்குப் பக்கத்தில், பின்னணி நிறத்தால் வேறுபடுத்திக் காட்டிய சிறு கட்டத்தில் அவை வரிசையாக இருக்கும். மாட்டிறைச்சிக்குச் சோகோகி, பன்றிக்கு த்வேஜிகோகி, கோழிக்குத் தக்கோகி. இந்த மூன்றின் எழுத்து வடிவங்களையும் கண்ணில் பதித்துக்கொண்டால், கைப்பேசியை நீட்டி மொழிபெயர்க்காமலே அரை நிமிடத்தில் முடிவெடுத்துவிடலாம். மொழிபெயர்ப்புச் செயலி சுருங்கிய பிளாஸ்டிக் உறையின் மேல் படுத்தும் பாட்டை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சுத்த சைவர்களுக்கு, நான் பார்த்தவரை, ராமியோன் சுவைத் தயார் சாப்பாட்டில் அநேகமாக எதுவுமே தேறாது. அதற்குப் பதிலாக, ஒட்டோகி நிறுவனம் 2019-இல் காய்கறிகளைக் கொண்டே சாறு தயாரித்து வெளியிட்ட செஹ்வாங் ராமியோனையும், மைக்ரோவேவில் சூடாக்கும் வெள்ளைச் சோற்றுக் கிண்ணம் ஒன்றையும் தனித்தனியாக வாங்கி மாமியாருக்குக் கலந்து கொடுத்தேன். சாற்றை ரசம் போலச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, மிளகு போதவில்லை என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கிம்பாப்புகளிலும் தோஷிராக்குகளிலும் நாளோடு மணியும் அச்சிடப்பட்டிருக்கும். ஒருநாள் இரவு என் மகன் எடுத்துவந்த பெட்டியைக் கல்லாவில் காட்டியபோது கருவி அதை ஏற்க மறுத்தது. கெடு மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்ததால், வேலை செய்த இளைஞர் மன்னிப்புக் கேட்டு வேறொன்றை எடுத்து வரச் சொன்னார். பட்டைக்கோட்டிலேயே அந்த நேரமும் பதிந்திருக்கிறதாம். குழந்தைகளுக்கு வாங்குகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சியோலில் முதுகலை படிக்கும் உறுப்பினர்:

தயார் சாப்பாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் கவனித்தால், கடைக்காரர்களைவிட வாடிக்கையாளர்களே முன்னால் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. காட்செவன் இசைக்குழுவின் மார்க் பெயரால் வழங்கும் மார்க் ஜோங்சிக் என்ற கலவை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கோப்பையில் வரும் தொக்பொக்கி என்ற காரமான அரிசிமாவுத் துண்டுகள், கோப்பை ஸ்பகெட்டி, ஒரு சாசேஜ், இழை இழையாகப் பிரியும் சீஸ் ஆகியவற்றைக் கடையிலேயே வாங்கி, கடை மைக்ரோவேவிலேயே சூடாக்கிக் கலந்துவிடுவார்கள். ஷின் ராமியோனைத் தயாரிக்கும் நோங்ஷிம் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஷின் ராமியோன் தூம்பாவும், ஷின்னில் பாலும் சீஸும் சேர்த்து மக்கள் தாங்களே செய்துவந்த பிரட்டலிலிருந்து வந்ததுதான். அதனால், முதல் பகிர்வில் குறை சொல்லப்பட்ட காரச் சாற்று முக்கோணத்தை நான் தனியாகச் சாப்பிடுவதே இல்லை. சிறிய கோப்பை ராமியோன் ஒன்றில் வெந்நீர் ஊற்றி, நூடுல்ஸைச் சாப்பிட்டு முடித்தபின், முக்கோணத்தின் கடற்பாசித் தாளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சோற்றை மட்டும் மீதிச் சாற்றில் உதிர்த்துப் போடுகிறேன். மிச்சச் சாற்றில் சோறு போட்டுச் சாப்பிடுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். அப்போது முக்கோணத்துக்குள் இருந்த விழுது வெந்நீரில் கரைந்து, அதற்குக் கிடைக்காமல்போன ஆவியும் மணமும் கிடைத்துவிடுகின்றன. உப்பு மட்டும் கூடும். ஆகவே கோப்பையின் உள்ளே தண்ணீர் அளவுக்குக் குறித்திருக்கும் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் ஊற்றுங்கள்.

ஹான் ஆற்றங்கரைப் பூங்காக் கடைகளில் அலுமினியப் படலக் கிண்ணத்தில் ராமியோனைக் கொதிக்கவைத்துத் தரும் இயந்திரங்கள் இருப்பதால், அங்கே இந்த முறை இன்னும் நன்றாக அமையும். சியோலின் ஹோங்தே பகுதியில் சியு என்ற கடைத்தொடர் நிறுவனம் 2023 டிசம்பரில் திறந்த ராமியோன் நூலகக் கிளையில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளைச் சுவர் முழுக்க அடுக்கியிருக்கிறார்கள். கோப்பை நூடுல்ஸ் வடிவத்திலேயே மேசைகள். சுற்றுலாப் பயணிகளின் நெரிசல் இல்லாத காலை வேளையில் போனால் நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். மிஞ்சும் சாற்றைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். அதற்கென்று வடிகட்டி போட்ட வாளி ஒன்று மைக்ரோவேவுக்கு அருகில் இருக்கும்.