ஜாம்பியா கிராமத்துக்கு அடிபம்பு: எதை விசாரித்துவிட்டுப் பணம் அனுப்புவது?

தேவகோட்டை மீனாள்:
என் தங்கை மகன் லுசாகாவில் கணக்கராக இருக்கிறான். அங்கிருந்து தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் தண்ணீருக்கு வெகுதூரம் நடக்கிறார்கள். மாமியார் நினைவாக அங்கே போர் போட்டு அடிபம்பு வைத்துக் கொடுக்கக் குடும்பத்தில் பேசியிருக்கிறோம். ஆனால் பக்கத்து ஊரில் யாரோ வைத்துக் கொடுத்த பம்பு ஓடாமல் கிடக்கிறது என்றும் அவனே சொல்கிறான். நம்முடையதும் அப்படி ஆகாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்?

பள்ளத்தூர் வாசகர்:
ஊர்க்காரர்களையும் ஒரு பங்கு போடச் சொல்லுங்கள். முழுவதும் தானமாக வந்தால் பொறுப்பு வராது.

கல்லல் மெக்கானிக்:
ஆச்சி, இந்தப் பக்கத்து ஊராட்சி அடிபம்புகளை வெகுகாலம் பழுது பார்த்தவன் நான். நீங்கள் வைக்கப்போவது நம் தெருமுனையில் நின்ற அதே இந்தியா மார்க் 2 ஆகவே இருக்கலாம். 1970களில் யுனிசெப் உதவியோடு நம் நாட்டில் உருவாகி ஆப்பிரிக்காவுக்குப் போனது. சகாராவுக்குத் தெற்கே எப்போது பார்த்தாலும் நான்கில் ஒரு அடிபம்பாவது நின்றுபோய்க் கிடக்கிறது என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள்.

பம்பு நல்ல பம்புதான். வாஷர் தேய்ந்தால் பிஸ்டன் தண்ணீரை ஏற்றாது. வாஷர் விலை சொற்பம். ஆனால் அதை மாற்ற, உள்ளே இருக்கும் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்க வேண்டும். குழாயைத் தூக்க முக்கால் தாங்கி வேண்டும், பிடித்து நிறுத்தக் கிளாம்பு வேண்டும், நாலைந்து பேர் வேண்டும். பிடி நழுவினால் குழாய் மொத்தமும் போருக்குள் போய்விடும். இங்கே ஒன்றியத்தில் வண்டியும் இருந்தது, ஆளும் இருந்தார்கள். அங்கே யார்?

பம்பு நின்றால் பெண்கள் பழைய குட்டைக்குத் திரும்புவார்கள். தண்ணீர் வராத பம்புக்கு யாரும் சந்தா தரமாட்டார்கள். சந்தா இல்லையென்றால் உதிரிபாகம் வாங்க வழியில்லை. வாங்க ஆளில்லாத சாமானைக் கடைக்காரர் வைக்கமாட்டார், வேலையில்லாத மெக்கானிக் வேறு பிழைப்பு தேடிப் போய்விடுவார். அதனால் அடுத்த பம்பு கெட்டால் இன்னும் அதிக நாள் நிற்கும். நடுவில் வெளியூர்ப் புண்ணியவான் ஒருவர் புதிய பம்பு வைத்தால், காத்திருந்தால் புதிது வரும் என்று ஊர் பழகிக்கொள்ளும். உங்கள் பணமும் இந்தச் சுழலில் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. பாதியைத் தோண்டவும், மீதியை அந்த வட்டாரத்து மெக்கானிக்குக் கருவி, உதிரிபாகம், கூலிக்கும் ஒதுக்குங்கள்.

தண்ணீரையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-க்குக் கீழே, அதாவது தண்ணீர் அமிலமாக இருந்தால், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துவிடும். துருவால் காலையில் முதல் குடம் செம்மண் கரைத்ததுபோல் வரும், வெள்ளைத் துணி பழுப்பேறும், பம்பு ஓடினாலும் ஊர் அதைக் கைவிட்டுவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஆப்ரிடேவ் பம்பு ஏற்றது. 1980களில் கென்யாவிலும் மலாவியிலும் உருவானது. பிளாஸ்டிக் குழாய். குழாயைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் ஊர்ப் பெண்களே வெளியே எடுத்துவிடலாம். ஆனால் சுமார் 45 மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் சரிப்படாது.

காரைக்குடி ஆசிரியர்:
பம்பு யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நைஜர் நாட்டில் மரமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்றிருந்தவரை, விவசாயி தன் நிலத்தில் துளிர்த்த கன்றைக் காக்கவில்லை. 1980களில் தொடங்கி அந்தப் பிடி தளர்ந்து, மரம் தனக்குத்தான் என்றானதும் வெட்டிய கட்டையிலிருந்து வந்த துளிரைக் காத்தார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. நம் ஊருணியில் யாரையும் கால் நனைக்கவிடாமல் காத்ததும் ஊர்ச்சொத்து என்ற உரிமையால்தான்.

தேவகோட்டை மீனாள்:
கல்லல் அண்ணன், பக்கத்து ஊரில் நின்றுபோன பம்பைச் சரிசெய்ய முடியுமா என்று முதலில் பார்க்கலாமா?

கல்லல் மெக்கானிக்:
கட்டாயம் பாருங்கள் ஆச்சி. போர் தூராமல் இருந்தால் புதிதாகத் தோண்டும் செலவில் சிறு பங்குதான் ஆகும். போரின் ஆழம், தண்ணீர் மட்டம், கடைசியாகக் குழாயைக் கழற்றியது யார் என்று பையனைக் கேட்கச் சொல்லி இங்கே எழுதுங்கள். எந்தச் சாமான் வேண்டும் என்று பட்டியல் போட்டுத் தருகிறேன்.