சைக்கிள் செயின் நழுவுது, கடக்குனு சத்தம்: நானே பிரிக்கலாமா, கடையில விடலாமா?

வெண்டைப்பூ: மேடு ஏறினா செயின் நழுவுது, கடக் கடக்னு சத்தம் வேற. கடையில முழு ஓவராயிலிங் பண்ணணும், 1200 ஆகும்ங்கறாங்க. ஸ்பேனர் செட் இருக்கு. நானே பண்ணலாமா? திங்கக்கிழமை சைக்கிள் வேணும்.

ஒத்தைப்பல்: கியர் வண்டியா, சாதா வண்டியா? சத்தம் மிதி ஒரு சுத்துக்கு ஒரு தடவையா?

கிரீஸ்டப்பா: ஃப்ரீவீல் (பின் சக்கரத்துல செயின் மாட்டற பல்சக்கரம்) போச்சு. மாத்திடுங்க.

ஒத்தைப்பல்: பாக்காமலேயா? செயின்ல ஒரு பின் நடுவுல ஸ்கேலை வெச்சு 24 கண்ணி எண்ணுங்க. புதுசுல சரியா 12 இஞ்ச். அரை நூல் (ஒரு நூல்னா இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு) கூடினா செயின் மாத்தணும். ஒரு நூல் கூடினா ஃப்ரீவீல் பல்லும் தேஞ்சிருக்கும். புது செயின் மட்டும் போட்டா இன்னும் மோசமா நழுவும்.

மூத்தமெக்: ஸ்பேனர் செட்டாம்! ஃப்ரீவீலுக்குத் தனிக் கழட்டி, பெஞ்ச் வைஸ் ரெண்டும் வேணும் தம்பி. இடது பெடல், வலது பிபி கப் (நடு அச்சைத் தாங்கற பேரிங் கிண்ணம்) ரெண்டுமே இடமரை, எதிர்ப்பக்கமா சுத்தினாத்தான் கழலும். தெரியாம இழுத்தா மரை போயிடும்.

வெண்டைப்பூ: தம்பி இல்ல. சாதா 28 இஞ்ச் வண்டி. ஆமா, சுத்துக்கு ஒரு தடவை.

ஒத்தைப்பல்: அப்ப காட்டர் பின்னா இருக்கும், அதாவது கிராங்கை (பெடல் மாட்டற கை) நடு அச்சோட சேர்க்கற ஆப்பு. ஒரு கிராங்கைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணை ஆட்டுங்க, ஆடினா அதான். நட்டை முழுசாக் கழட்டாதீங்க, மரை நுனிக்குச் சமமா நிறுத்திட்டு, கிராங்குக்கு அடியில கட்டை முட்டுக் கொடுத்து ஒரே போடா போடுங்க. சும்மா தட்டிட்டே இருந்தா பின் வளையும். புதுப் பின்னோட சப்பைப் பக்கம் அச்சுல படியணும், படியலைன்னா அரம் போடுங்க. ரெண்டு பின்னும் எதிரெதிரா வரணும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நட்டைத் திரும்ப இறுக்குங்க. பிபியைப் பிரிக்காதீங்க, பக்கத்துக்கு 11 குண்டு, கொட்டினா தேடணும்.

கிரீஸ்டப்பா: ஃப்ரீவீலை மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டுப் பாக்கலாமே.

மூத்தமெக்: மண்ணெண்ணெய்க்கு எங்க போறது? டீசல் போதும்.

கிரீஸ்டப்பா: டீசல் காயாது, புழுதி ஒட்டும்.

மூத்தமெக்: துடைக்கத் தெரியாதவன் பேச்சு. நீங்க உள்ள கிரீஸ் அப்புறவரு, பல்லைப் பிடிக்கற குட்டிக் கொக்கி ஒட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் வெறுமனே சுத்தும். ஃப்ரீவீலுக்கு மெல்லிசு ஆயில்தான்.

ஒத்தைப்பல்: பல் தேஞ்சா எதுல கழுவியும் வளராது. செயின் அளவு என்னங்க?

வெண்டைப்பூ: ரெண்டு நூல் கூட. இடது காட்டர் பின் ஆடுச்சு, மாத்திட்டேன், சத்தம் இல்ல. ஃப்ரீவீல் மாத்த சக்கரத்தை மட்டும் கடையில கொடுத்திருக்கேன்.

கிரீஸ்டப்பா: நான்தான் முதல்லயே ஃப்ரீவீல்னு சொன்னேன்.